தாய்ப்பால் தானம்: பாலமா, பதிலியா?

ஏழாம் மாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்துவிட்ட குழந்தைக்கு முதல் நாள் முழுவதற்கும் தேவைப்படும் பால் சுமார் 20 மில்லி. நான்கு தேக்கரண்டி, அவ்வளவுதான். அதையும் ஒரே தடவையில் கொடுத்துவிட முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் இசைவாகச் செய்ய 34 வாரங்களாவது நிறைய வேண்டும். அதுவரை வாய்வழியாக இரைப்பைக்குள் செலுத்திய மெல்லிய குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒன்றிரண்டு மில்லியாக விடுவார்கள்.

இந்தச் சொற்பப் பால்கூடச் சில தாய்மார்களுக்கு அந்த நாள்களில் ஊறுவதில்லை. அப்போது மருத்துவர் முன்னால் மூன்று வழிகள்: பால் ஊறும்வரை குழந்தையைக் குளுக்கோஸில் வைத்துக் காத்திருப்பது, டப்பாவிலிருந்து பவுடர் பால் கரைத்துக் கொடுப்பது, இன்னொரு தாயின் பாலைக் கொடுப்பது. 2020-இல் உலகில் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. அதில் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அதனால் மூன்றாவது வழியின் பயன் என்ன, எல்லை எது, அது யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விகள் நம் வார்டுகளுக்கு அன்றாடக் கேள்விகள்.

ஊறாத பாலின் காரணங்கள்

‘அவளுக்குப் பால் இல்லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. பால் சுரப்பு தேவையைப் பின்பற்றிப் போவது. குழந்தை சப்பச் சப்ப, அல்லது கையால் பீய்ச்சப் பீய்ச்ச, ஊறும். மார்பு காலியாகாமல் தேங்கினால் சுரப்பு அடங்கும். குறைமாதப் பிரசவத்தில் இந்தச் சுழற்சி தொடங்குமிடத்திலேயே அறுந்துபோகிறது. தாய்க்கு ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கும். சிசேரியன் நடந்து மயக்கம் தெளியாமல் கிடப்பாள். குழந்தை வேறொரு மாடியில் வார்மரில் இருக்கும். சில சமயம் வேறொரு ஊரிலேயே இருக்கும்: தாலுகா மருத்துவமனையில் பிரசவம் ஆகி, குழந்தையை மட்டும் 108 ஆம்புலன்ஸில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது வழக்கமான காட்சி. அப்பா குழந்தையோடு, அம்மா தையலோடு. நடுவே அறுபது, எழுபது கிலோமீட்டர்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டால் மார்புக்கும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நிறைமாதக் குழந்தைகளும் சேர்ந்த கணக்கே இப்படி என்றால், குறைமாதக் குழந்தையின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடலுக்குள் நடப்பது

சரி, பவுடர் பாலைக் கொடுத்தால் என்ன? நிறைமாதக் குழந்தைக்கு அது மட்டமான மாற்று. குறைமாதக் குழந்தைக்கு உயிர் ஆபத்தாகவே முடியலாம். அதன் குடல்சுவர் முழுமையாக இறுகியிருக்காது. கிருமிகள் சுவரைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். முதலில் வயிறு உப்பும், பால் எதுக்களிக்கும், மலத்தில் ரத்தம் தென்படும். எக்ஸ்ரே எடுத்தால் குடல்சுவருக்குள் காற்றுக் குமிழிகள் தெரியும். அடுத்த கட்டத்தில் குடல் திசு அழுகி ஓட்டை விழும். மருத்துவர்கள் ‘என்.இ.சி.’ என்று சுருக்கிச் சொல்லும் நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் இதுதான். அறுவை சிகிச்சைவரை போன குழந்தைகளில் பிழைப்பவர்களிலும் பலர் குடலின் ஒரு பகுதியை இழந்தே வீடு திரும்புகிறார்கள்.

தாய்ப்பாலில் இதற்கான காவல் இருக்கிறது. ஐ.ஜி.ஏ. என்ற நோயெதிர்ப்புப் புரதம் குடலின் உட்புறத்தில் படிந்து கிருமி ஒட்டாமல் தடுக்கும். லாக்டோஃபெரின் கிருமிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்யும். ஒலிகோசாக்கரைடுகள் என்ற சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி. மாட்டுப்பாலிலிருந்து செய்த எந்தப் பவுடரிலும் இந்தக் கூட்டணி முழுசாக இல்லை.

செவிலியிலிருந்து ஃப்ரீசர்வரை

பிறர் பாலில் பிள்ளை வளர்வது நமக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய். அவள் மகளே தோழி. கிராமங்களில் தாய் இறந்த பிள்ளையை அத்தையோ பக்கத்து வீட்டுக்காரியோ மார்போடு அணைத்துக்கொண்ட கதை எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஐரோப்பாவில் இது கூலி வேலையாகவே நடந்தது. கூலிக்குப் பாலூட்டியவர்களிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளைகளிடமிருந்து அவர்களுக்கும் மேகநோய் தொற்றியது. பிறர் பிள்ளைக்குப் பாலூட்டப் போனவளின் சொந்தப் பிள்ளை பசியில் வாடியதும் உண்டு.

பாலை உடலிலிருந்து பிரித்துச் சேமிக்கலாம் என்ற எண்ணம் 1909-இல் வியன்னாவில் நிறுவன வடிவம் பெற்றது. உலகின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே தொடங்கியவர் தியோடர் எஷெரிக், ஈ.கோலை பாக்டீரியாவைக் கண்டறிந்து, தன் பெயரை அதற்கு விட்டுச்சென்ற அதே குழந்தை மருத்துவர். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டனிலும், 1919-இல் ஜெர்மனியின் மாக்டெபுர்கிலும் வங்கிகள் வந்தன. பிந்தையதை நிறுவியவர் மேரி எலிஸ் கைசர் என்ற பெண் மருத்துவர்.

1980-களில் மேற்கு நாடுகளில் இந்த இயக்கம் ஏறக்குறைய நின்றேபோனது. எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியே பரவும் என்று தெரிந்ததும் அங்கே வங்கிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கனடாவில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் வான்கூவரில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பவுடர் பால் நிறுவனங்கள் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தனி வகைகளை இறக்கியதும் இதே காலத்தில்தான். மீண்டும் கதவு திறக்கக் காரணம், 1990-இல் ‘லான்செட்’ இதழில் ஆலன் லூகாஸும் டி.ஜே. கோலும் வெளியிட்ட ஆய்வு. பவுடர் பால் மட்டும் குடித்த குறைமாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட என்.இ.சி. ஆறு முதல் பத்து மடங்கு அதிகம் என்றது அது.

ஆய்வுகள் எதுவரை உறுதி தருகின்றன

தானப்பாலைப் பற்றி உணர்ச்சிவசமாகப் பேசுவது எளிது. அளவோடு பேசுவதே குழந்தைக்கு நல்லது. 2024-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, 12 பரிசோதனைகளில் இடம்பெற்ற 2,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பவுடர் பாலுக்குப் பதில் தானப்பால் கொடுத்தால் என்.இ.சி. ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதே ஆண்டு ‘ஜாமா’ இதழில் வந்த அமெரிக்கப் பரிசோதனையில், 483 குழந்தைகளில் பவுடர் பால் தரப்பில் 9 சதவீதத்தினருக்கும் தானப்பால் தரப்பில் 4.2 சதவீதத்தினருக்கும் இந்நோய் வந்தது.

மறுபக்கமும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. தானப்பால் குடித்த குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கும்வரை மெதுவாகவே எடை கூடினார்கள். பின்னாளைய மூளை வளர்ச்சியில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2016-இல் வெளியான கனடாவின் ‘டோமினோ’ பரிசோதனையும் இதையே சொன்னது. மொத்த இறப்பு விகிதம் குறைந்ததற்கும் தெளிவான சான்று இல்லை.

ஏன் இப்படி? குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். தானம் தருபவரோ பெரும்பாலும் நிறைமாதத்தில் பெற்று, சில வாரமோ மாதமோ கடந்தவர். அவர் பாலில் புரதம் குறைவு. கிருமிகளைக் கொல்லச் சூடாக்குவதில் வேறு சில இழப்புகள். கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் நொதி முற்றிலும் அழிந்துவிடும், லாக்டோஃபெரின் பெருமளவு போய்விடும், ஐ.ஜி.ஏ. பெரும்பங்கு தப்பும், ஒலிகோசாக்கரைடுகளுக்குச் சேதமில்லை. அதனால் மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தானப்பாலோடு புரதமும் கால்சியமும் சேர்ந்த ஊட்டப்பொடியைக் கலந்து கொடுக்கிறார்கள். நார்வேயில் கடும் பரிசோதனைக்குப் பின் சூடாக்காத பாலையே கொடுக்கும் வழக்கம் நீடிக்கிறது.

ஆக, சொந்தத் தாயின் பால் முதலிடம், தானப்பால் இரண்டாமிடம், பவுடர் பால் மூன்றாமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளிலும் வரிசை இதுதான். முதல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மறந்துவிட்டால் வங்கி தடம் மாறும்.

ஒரு புட்டியின் பயணம்

தானம் தர வரும் தாயிடம் முதலில் கேட்பது, சொந்தப் பிள்ளைக்குப் போதுமான பால் இருக்கிறதா என்பது. அது நிறைந்த பிறகுதான் மற்றது. புகை, மது, போதைப் பழக்கம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டதா என்று விசாரிப்பார்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை-பி, மேகநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தாகும்.

பிறகு ஒரு தனி அறை. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, தலைமுடியை முடிந்து, மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சுவார். பால் கட்டிக்கொண்ட தாய்க்கு முதல் சில நிமிடங்கள் வலிக்கும். செவிலியர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மார்பின் ஓரத்திலிருந்து காம்பு நோக்கி நீவிக் காட்டுவார். கட்டி இளகி பால் பீறிட்டதும் முகமே மாறிவிடும். தானம் அவளுக்கும் சிகிச்சையாகிற இடம் அது.

சேர்ந்த பாலைச் சீராக ஆடும் வெந்நீர்த் தொட்டியில் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று 4 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். எச்.ஐ.வி. உட்பட முக்கிய வைரஸ்கள் இதில் மடியும். மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கல்ச்சர் செய்து, கிருமி வளரவில்லை என்று முடிவு வரும்வரை புட்டி காத்திருக்கும். வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் கீழே கொட்டப்படும். தேறிய பால் மைனஸ் 20 டிகிரியில் உறைந்திருக்கும். மருத்துவர் எழுதித் தந்தால், பெற்றோர் சம்மதத்தோடு வார்டுக்குப் போகும். குழாயிலோ, விழுங்கத் தெரிந்த குழந்தைக்குப் பாலாடையிலோ புகட்டுவார்கள். ஒருவர் தரும் 100 மில்லி, ஒரு கிலோ எடையுள்ள ஐந்து குழந்தைகளின் முதல் நாளுக்குப் போதும்.

பிரேசில் காட்டிய வழி

உலகின் மிகப் பெரிய தாய்ப்பால் வங்கி வலையமைப்பு பிரேசிலில் இருக்கிறது. நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட வங்கிகள், எல்லா மாநிலங்களிலும். 1980-களில் இதற்கு உருக்கொடுத்தவர் ஜோவாவ் அப்ரிஜியோ கெரா டி அல்மெய்டா என்ற வேதியியலாளர். ரியோ டி ஜெனீரோவின் ஃபியோக்ரூஸ் நிறுவனம் இதன் தலைமையகம். விலையுயர்ந்த இறக்குமதிப் புட்டிகளுக்குப் பதில், பிளாஸ்டிக் மூடி போட்ட இன்ஸ்டன்ட் காபி கண்ணாடி ஜாடிகளைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்த முடியுமென்று காட்டினார்கள். இன்றும் அங்கே பால் தர இயலாதவர்கள் காலி ஜாடிகளைத் தானம் தருகிறார்கள். தலைநகர் பிரேசிலியாவில் தீயணைப்பு வீரர்கள் வீடு தேடிப்போய்ப் பால் ஜாடிகளை வாங்கி வருவார்கள்.

கவனிக்க வேண்டியது ஜாடியைவிட இன்னொன்று. அங்கே பால் வங்கி என்பது முதலில் பாலூட்டல் உதவி மையம். காம்பு வெடித்தவர், பால் கட்டியவர், பால் போதவில்லை என்று பயந்தவர் எல்லோரும் ஏறும் படி அதுதான். உதவி தேடி வருபவர்களிடமிருந்தே தானம் தருபவர்கள் உருவாகிறார்கள்.

சயானிலிருந்து எழும்பூர்வரை

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 நவம்பரில் மும்பையின் சயான் மருத்துவமனையில் திறக்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழர்கள் நிறைந்த தாராவிக்கு அண்டை மருத்துவமனை அது. கிருமித்தொற்றில் பச்சிளம் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த வார்டில், பவுடர் பாலை நிறுத்தி, தாய்மார்களை உள்ளே கொண்டுவந்து, அதன் தொடர்ச்சியாக வந்ததே வங்கி.

ஆனாலும் நாடு தழுவிய வழிகாட்டி நெறிமுறைகள் வர 2017 ஆனது. மத்திய சுகாதார அமைச்சகம் மூன்று அடுக்குகளை வகுத்தது. மருத்துவக் கல்லூரிகள் போன்ற பெரிய மருத்துவமனைகளில் தானப்பாலைப் பெற்றுப் பதப்படுத்தும் முழுமையான மையம். மாவட்ட அளவில், தாய் தன் பிள்ளைக்காகப் பீய்ச்சிய பாலைச் சேமித்துத் தரும் பிரிவு. பிரசவம் நடக்கும் மற்ற இடங்களில் பாலூட்ட உதவும் ஆலோசனைப் பிரிவு. காகிதத்தில் இது பிரேசில் பாடத்தைச் சரியாக உள்வாங்கிய ஏற்பாடு.

தமிழ்நாட்டில் 2015-இல் உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டிப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் பால் வங்கிகள் பரவத் தொடங்கியதும் அந்தக் காலகட்டத்தில்தான். எழும்பூரிலும் பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அவை இயங்குகின்றன. புதுச்சேரி ஜிப்மரில் ‘அமுதம்’ மையம் 2016-இல் வந்தது. கேரளத்தின் முதல் வங்கி 2021-இல் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் அமைந்தது. நம் வங்கிகளில் பால் தருபவர்களில் பெரும்பகுதி வெளியூர்க் கொடையாளர்கள் அல்லர். அதே மருத்துவமனையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தாய்மார்கள்.

தயக்கங்களுக்கு மரியாதை

‘இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் என் பிள்ளைக்குக் குறைந்துவிடும்’, ‘கண் பட்டு வற்றிவிடும்’ என்ற அச்சங்களுக்கு உடலியலே பதில்: எடுக்க எடுக்க ஊறும். ‘யார் பாலோ, எந்தச் சாதியோ’ என்ற முணுமுணுப்புக்கு மருத்துவத்தில் பதில் இல்லை, தேவையும் இல்லை. ரத்த வங்கியில் கேட்க வெட்கப்படும் கேள்வியை இங்கும் கேட்கக் கூடாது.

முஸ்லிம் குடும்பங்களின் தயக்கம் வேறு வகை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது தவறு. இஸ்லாமியச் சட்டத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் பால்குடி சகோதரர்கள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. எவ்வளவு குடித்தால் உறவு ஏற்படும் என்பதில் மத்ஹபுகள் எனும் சட்ட மரபுகள் வேறுபடுகின்றன: ஹனஃபிகளுக்குச் சிறிதளவே போதும், ஷாஃபிகளுக்கு ஐந்து முறை. தமிழ்நாட்டில் இரு பிரிவினரும் வாழ்கிறார்கள். பலருடைய பாலைக் கலந்து பெயரில்லாமல் கொடுக்கும் வங்கியில் யார் யாருக்கு உறவு என்று தெரியாமலே போய்விடும். யூசுஃப் அல் கர்ளாவி போன்ற அறிஞர்கள் வங்கியை அனுமதித்தார்கள்; 1985-இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி மறுத்தது. 2024-இல் கராச்சியில் தொடங்கிய வங்கி, மார்க்கத் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உள்ளானதும் நிறுத்தப்பட்டது. இதற்கு நடைமுறைத் தீர்வு இருக்கிறது: கலக்காமல் ஒரு தாயின் பாலைத் தனியே பதப்படுத்தி, இரு குடும்பங்களுக்கும் விவரத்தைப் பதிவு செய்து கொடுப்பது. கூடுதல் வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை.

விலைச்சீட்டு ஒட்டினால்

மதத் தயக்கத்தைவிடப் பெரிய ஆபத்து சந்தை. இணையத்தில் விற்ற தாய்ப்பாலை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், 2013-இல் பெரும்பாலான மாதிரிகளில் கிருமிகளையும், 2015-இல் பத்தில் ஒன்றில் மாட்டுப்பால் கலப்படத்தையும் கண்டார்கள். ஏழைப் பெண்களிடம் பால் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பிய வணிகத்தைக் கம்போடியா 2017-இல் தடை செய்தது.

இங்கும் அது எட்டிப்பார்த்தது. கர்நாடகத்தில் ஒரு நிறுவனம் தாய்ப்பாலை ஆயுர்வேதப் பொருளாகக் காட்டி உரிமம் பெற்றது. 2022-இல் அது ரத்தானது. 2024 மே 24 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அறிவித்தது. சில நாள்களிலேயே சென்னை மாதவரத்தில் தாய்ப்பால் புட்டிகளை விற்ற ஒரு கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

பாலுக்கு விலை வைத்தால் முதலில் பட்டினி கிடப்பது விற்பவளின் பிள்ளை. கூலிக்குப் பாலூட்டிய ஐரோப்பியப் பெண்களின் கதை புட்டி வடிவில் திரும்ப வந்துவிடும். எனவே தானம் தானமாகவே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை.

எதை வைத்து அளப்பது

வங்கிகளைப் பற்றிய செய்திகளில் இத்தனை லிட்டர் சேர்ந்தது, இத்தனை பேர் கொடுத்தார்கள் என்று படிக்கிறோம். அந்தத் தாய்மார்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் லிட்டர் கணக்கு வங்கியின் வெற்றியைச் சொல்லாது. தானப்பாலில் தொடங்கிய குழந்தைகளில் எத்தனை பேர் சொந்தத் தாயின் பாலுக்கு மாறினார்கள், எத்தனை நாளில் மாறினார்கள், வீடு திரும்பும்போது எத்தனை பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள் என்பவையே சரியான அளவுகோல்கள். தானப்பால் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால் தாயைப் பீய்ச்சச் சொல்லி ஊக்கப்படுத்துவதில் வார்டு சுணங்கினால், வங்கி நன்மைக்குப் பதில் தீமை செய்கிறது.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க உதவும் ஒரு செவிலியர். குழந்தையை அனுப்பும் ஆம்புலன்ஸிலோ மறுநாளோ தாயையும் அனுப்பிவைக்கும் விதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில், சாப்பாடு. குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு ஒரு நாற்காலி. இவற்றோடு சேர்ந்தால்தான் ஃப்ரீசரில் உள்ள புட்டிக்கு அர்த்தம்.

பேறுகாலம் முடிந்து வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை வயிறு நிறைந்து, எடை கூடி, இன்னமும் பால் மிஞ்சுகிறது என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பால் வங்கியில் விசாரியுங்கள். பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: வங்கி திறக்க நிதி கேட்கும்போது, அதே மனுவில் தாய்க்கான கட்டிலையும் சேர்த்துக் கேளுங்கள்.